உள்ளூர்ப் பையன் எங்கே போகப் போகிறான்? சேலத்து முதலாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படித்த பிள்ளைகளுக்குச் சேலத்தில் பஞ்சமே இல்லை. 1966-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி, 1997-ல் வந்த பெரியார் பல்கலைக்கழகம், சுற்றிலும் தனியார் கல்லூரிகள். அப்படியும் "நல்ல ஆள் நிற்கவே மாட்டேங்கிறான்" என்ற புலம்பல்தான் செவ்வாய்ப்பேட்டை கடையிலிருந்து ஜாகீர் அம்மாபாளையம் ஐடி பார்க் வரை.

இதில் பாதி, 'உள்ளூர்ப் பையன்தானே' என்ற நினைப்பால் வருவது. வீட்டுச் சாப்பாடு, வாடகை மிச்சம், அதனால் சம்பளம் குறைவாக இருந்தால் பரவாயில்லை என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த மிச்சம் அவன் அப்பா அம்மா கொடுப்பது, முதலாளி கொடுப்பதல்ல. பெங்களூர் வேறு 200 கிலோமீட்டர்தான். அங்கே வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமை காலை இட்லிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

அடுத்தது, வாய்வார்த்தைச் சம்பளம். "மாசம் 25,000" என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் மாதம் கணக்கில் ஏறுவது 21,400. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,800. அவன் பங்கு போக, கம்பெனி போட வேண்டிய 1,800-ஐயும் அந்த 25,000-க்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். கணக்கில் தவறில்லை, முன்கூட்டியே சொல்லாததுதான் தவறு. கம்பெனி பங்கு மட்டும் போக மீதி 23,200 என்பது இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) சம்பள வரம்பான 21,000-ஐத் தாண்டிவிடுவதால், ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்தக் கார்டும் கிடையாது. அந்த இடத்தில் கம்பெனி ஒரு குழுக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். அப்பா அம்மாவையும் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆயிரம் ரூபாய் கூட்டித் தருவதைவிட இதற்குத்தான் வீட்டில் மதிப்பு.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டுவது இருக்கிறதே, அதைவிட மோசமான யோசனை கிடையாது. கையில் வேறு வேலை இருக்கிறவன் கொடுக்கவே மாட்டான். போக்கிடம் இல்லாதவன்தான் கொடுப்பான். ஆக, யாரைத் தக்கவைக்க நினைத்தார்களோ அவர்களை வாசலிலேயே வடிகட்டி அனுப்பியாகிவிட்டது.

அப்புறம், சேர்ந்த ஆறாம் மாதத்தில் அவனுக்கு எழும் கேள்வி: இங்கே யாரிடம் கற்றுக்கொள்வது? டிசைன் வேலைக்கு எடுத்த பெண்ணை ஜிஎஸ்டி பில் போடச் சொல்வார்கள், பேங்க்குக்கு அனுப்புவார்கள், முதலாளி வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகையும் அவளே அடிக்க வேண்டும். மேலே மேனேஜர் நாற்காலி மச்சானுக்கு என்று முடிவாகியிருந்தால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? குடும்பத் தொழிலில் அதை மாற்றுவது கஷ்டம்தான். ஆனால் ஒரு மெஷினையோ ஒரு வாடிக்கையாளரையோ முழுதாக ஒருவர் பொறுப்பில் விடுவதற்குக் காசு ஆகாது.

வெளியூர்ப் பிள்ளைகள் என்றால் வீடு. கல்யாணமாகாதவர்களுக்குக் கதவைச் சாத்தும் வீட்டுக்காரர்கள் இங்கே நிறைய. கம்பெனி முதலாளியே ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறக்கும். அந்த ஒரு போனைக்கூடப் பலர் போடுவதில்லை.

ஏற்காட்டில் இது இன்னும் பெரிய விஷயம். 20 கொண்டை ஊசி வளைவுகளை ராத்திரி வேலை முடிந்து பைக்கில் இறங்கு என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல முடியாது. அடிவாரம் வரை வண்டி விட வேண்டும், இல்லாவிட்டால் மேலேயே அறை தர வேண்டும். அறை தருவதாக இருந்தால் நேர்காணல் அன்றே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறும், போன் சிக்னல் வராது என்றால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.