வெப்பில் காலூன்றி கேமுக்குள் போவது எப்படி: டெவலப்பர்களுக்கான வழித்தடம்

வெப் பக்கம் சும்மா இருக்கும். யாராவது பட்டனைத் தொட்டால் விழித்துக்கொள்ளும், வேலையை முடித்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். கேம் தூங்குவதே இல்லை. ஆடுபவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் நொடிக்கு 60 தடவை கணக்குப் போட்டுத் திரையை வரைந்துகொண்டே இருக்கும். இரண்டு தொழிலுக்கும் நடுவே இருக்கும் பெரிய சுவர் இதுதான். மொழி, சர்வர், கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், பிழை தேடித் திருத்தும் (டிபக்) பழக்கம் எல்லாம் பெரும்பாலும் பொதுச் சொத்து.

ஆகவே இரண்டிலும் ஆசை இருப்பவர்களுக்குச் சரியான வரிசை இது: முதலில் வெப், அடுத்து பிரவுசருக்குள்ளேயே கேம், அதற்கப்புறம் கேம் எஞ்சின் (வரைதல், மோதல், சத்தம் போன்றவற்றைத் தயாராகத் தரும் மென்பொருள்). வேலை கிடைப்பதும் இந்த வரிசையில்தான் சுலபம். வெப் டெவலப்பர் எல்லாத் துறைக்கும் தேவைப்படுகிறார். கேம் டெவலப்பரைத் தேடுவது பெரும்பாலும் ஸ்டூடியோக்கள்தான்.

முதல் ஆறு மாதம்

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டுக்கும் ஆறு வாரம் போதும். மீதி நாளெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட். குளோஷர், ப்ராமிஸ், அசிங்க்-அவெய்ட், மாட்யூல், ஈவென்ட் லூப் ஆகிய ஐந்தையும் எந்த லைப்ரரியும் இல்லாமல் கையாளத் தெரிய வேண்டும். பயிற்சிக்கு ஒன்று: ஏதாவது ஒரு பொது ஏபிஐயிலிருந்து (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வாசல்) தரவை எடுத்து, அட்டவணையாகக் காட்டி, வரிசைப்படுத்தவும் வடிகட்டவும் வசதி செய்யுங்கள். நெட் அறுந்தால் என்ன காட்டும், தரவே வராவிட்டால் என்ன காட்டும் என்பதையும் எழுதினால்தான் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு.

ரியாக்ட் என்ற, திரை அமைக்கும் லைப்ரரிக்கு நேராகத் தாவுபவர்கள் தடுக்கி விழும் இடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. ஸ்டேட்டில் (ரியாக்ட் நினைவில் வைத்திருக்கும் தரவில்) இருக்கும் அர்ரேக்குள்ளேயே (பட்டியலுக்குள்ளேயே) ஒரு பொருளைப் புஷ் செய்து, அதே அர்ரேயைத் திரும்பக் கொடுப்பார்கள், திரை மாறாது. காரணம், ரியாக்ட் உள்ளே இருக்கும் மதிப்புகளை எண்ணிப் பார்ப்பதில்லை, ரெஃபரன்ஸ் (எந்த அர்ரே என்று காட்டும் சுட்டு) மாறியதா என்று மட்டும் பார்க்கிறது. புது அர்ரே கொடுத்தால் தீர்ந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டின் ரெஃபரன்ஸ் புரிந்தவருக்கு இது இரண்டு நிமிட வேலை. புரியாதவருக்கு இரண்டு நாள்.

கிட்டை முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஏபிஐ சாவியைத் தெரியாமல் கமிட் செய்து (கிட்டில் பதிந்து), பொது ரெப்போவுக்கு (யாரும் பார்க்கக்கூடிய கோட் கிடங்குக்கு) அனுப்பிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை. பழைய வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். அந்தச் சாவியை ரத்து செய்து புதிது எடுப்பதுதான் வழி.

பேக்எண்டில், அதாவது சர்வர் பக்கத்தில், ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் போதும். ஜாயின், இன்டெக்ஸ், டிரான்சாக்ஷன் மூன்றும் கைவந்தால் ஜூனியர் வேலைக்கு டேட்டாபேஸ் அறிவு கிட்டத்தட்ட நிறைந்துவிடும். முன்பக்க வேலைக்குப் போகிறவர்கள் கூகுளின் மூன்று அளவுகோல்களை அறிந்திருக்க வேண்டும்: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தொடுதலுக்கு 200 மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும். ஏற்றும்போது பக்கம் ஆடும் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. படத்துக்கு அகல உயரம் குறிப்பிடாமல் விடுவதுதான் கடைசி அளவு கெடுவதற்கு வழக்கமான காரணம்.

லூப்புக்குள் நுழைதல்

கேன்வாஸ் (பிரவுசருக்குள் வரைபலகை) ஒன்றைப் போட்டு, திரை வரையப்படும் ஒவ்வொரு முறையும் உங்கள் கோடை ஓட்டும் ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேமை அழைத்து, ஒரு சதுரத்தை நகர்த்துங்கள். பத்து வரி. ஆனால் கேம் புரோகிராமிங்கின் பாதிப் பாடம் இந்தப் பத்து வரிக்குள் ஒளிந்திருக்கிறது.

ஃபிரேமுக்கு (திரையை ஒருமுறை வரைவதற்கு) 5 பிக்சல் என்று நகர்த்தினால், நொடிக்கு 60 தடவை வரையும் 60 ஹெர்ட்ஸ் திரையில் சதுரம் நொடிக்கு 300 பிக்சல் ஓடும். அதே கோட் 144 ஹெர்ட்ஸ் திரையில் 720 பிக்சல் ஓடும். திரை மாறினால் கேமின் வேகமே மாறிவிடுகிறது. அதனால் வேகத்தை நொடிக்கு இவ்வளவு என்று வைத்து, போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் இடையே கழிந்த நேரத்தால் பெருக்க வேண்டும். இந்த இடைவெளிக்குத்தான் டெல்டா டைம் என்று பெயர்.

அடுத்த பள்ளம் உடனே வரும். ஆடுபவர் வேறு டேபுக்குப் போனால் பிரவுசர் இந்த வரையும் சுழற்சியை (லூப்பை) நிறுத்திவைக்கும். 40 நொடி கழித்துத் திரும்பினால் டெல்டா 40 நொடி. ஒரே தாவலில் பாத்திரம் சுவரைத் தாண்டி உலகத்துக்கு வெளியே போயிருக்கும். டெல்டாவுக்கு 0.1 நொடி என்று உச்சவரம்பு போடுங்கள்.

உச்சவரம்பு போட்ட பிறகும், செங்கல் உடைக்கும் கேமில் பந்து செங்கலைத் துளைத்துப் போகிறதா? நொடிக்கு 1500 பிக்சல் வேகத்தில் போகும் பந்து ஒரு ஃபிரேமில் 25 பிக்சல் நகர்கிறது. செங்கலின் கனம் 16 பிக்சல்தான். போன ஃபிரேமில் செங்கலுக்கு முன்னால், இந்த ஃபிரேமில் பின்னால். இரண்டு ஃபிரேமிலும் மோதலே இல்லை. இதை டனலிங் என்பார்கள். பந்து கடந்த கோடு முழுவதையும் சோதிப்பது ஒரு வழி. நகர்வைச் சின்னச் சின்னத் துண்டாக்குவது இன்னொரு வழி. பெரும்பாலான எஞ்சின்கள் பிசிக்ஸை (நகர்வு, மோதல் கணக்கை) மட்டும் நிலையான கால அடியில் ஓட்டுகின்றன. யூனிட்டியில் அது இயல்பாக 0.02 நொடி. நீங்களே எழுதும்போது கழிந்த நேரத்தைச் சேர்த்துவைத்து, அறுபதில் ஒரு நொடி சேரும்போதெல்லாம் ஒருமுறை பிசிக்ஸை ஓட்டுங்கள். ஒரு ஃபிரேமில் ஐந்து முறைக்கு மேல் ஓட விடாதீர்கள். விட்டால், மெதுவான கருவியில் பிசிக்ஸே நேரத்தைத் தின்று, அந்தக் கடனை அடைக்க இன்னும் பிசிக்ஸ் ஓடி, கேம் மொத்தமாக உறைந்துபோகும்.

அனுபவசாலிகளும் தவறவிடும் ஒன்று: கேமரா ஆளை மெதுவாகப் பின்தொடர, ஃபிரேமுக்கு மீதித் தூரத்தில் பத்து சதவீதம் நகர்த்துவது. பார்க்க நயமாக இருக்கும், ஆனால் இதுவும் ஃபிரேம் வேகத்தைச் சார்ந்ததே. வெறுமனே டெல்டாவால் பெருக்கினாலும் முழுதாகச் சரியாகாது, எக்ஸ்பொனென்ஷியல் கணக்குதான் வேண்டும்.

சத்தம் வரவில்லை என்ற புகார் எல்லாருக்கும் வரும். ஆடுபவர் பக்கத்தைத் தொடும்வரை பிரவுசர் ஆடியோவை அடக்கிவைக்கிறது. ‘தொடங்கு’ என்று ஒரு பட்டன் வைத்து, அதைத் தொட்டதும் ஆடியோவை எழுப்புங்கள். கேம் விட்டுவிட்டுத் திணறுகிறது என்றால் கார்பேஜ் கலெக்ஷனை (பயன்படாத மெமரியைப் பிரவுசர் துப்புரவாக்கும் வேலையை) சந்தேகியுங்கள்: ஒவ்வொரு தோட்டாவுக்கும் புது ஆப்ஜெக்ட் உருவாக்காமல், தொடக்கத்திலேயே நூறு தோட்டாக்களை உருவாக்கிச் சுழற்சியில் விடுங்கள். டெவலப்பர் டூல்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரிக் கோடு ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கினால் சந்தேகம் உறுதி.

எந்த கேமை எழுதுவது? 1972-இல் வந்த பாங் (மட்டையால் பந்தைத் தட்டுவது), 1976-இல் வந்த பிரேக்அவுட் (பந்தால் செங்கல் உடைப்பது), அதற்கப்புறம் ஒரே ஒரு லெவல் கொண்ட பிளாட்ஃபார்மர் (மேடைக்கு மேடை குதித்துப் போவது). ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம், அதற்கு மேல் வேண்டாம். முதல் கேமே ஆயிரம் பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் உலகம் என்று கிளம்பினால் எந்தக் காலத்திலும் முடியாது. பிளாட்ஃபார்மரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விளிம்பைத் தாண்டிய பிறகும் சுமார் 0.1 நொடிக்குக் குதிக்க அனுமதியுங்கள். கணக்குப்படி அது தவறு. ஆடுபவருக்கோ அப்போதுதான் ‘என் விரல் சொன்னபடி கேட்கிறது’ என்று தோன்றும். புரோகிராமர் சரியென நினைப்பதும் கைக்குச் சரியென்று படுவதும் வேறு வேறு என்பது இங்கேதான் முதலில் உறைக்கும்.

இரண்டையும் இணைக்கும் பாலம்

அடுத்து பிரேக்அவுட்டுக்கு ஆன்லைன் ஸ்கோர் பலகை சேருங்கள். லாகின், டேட்டாபேஸ், ஏபிஐ எல்லாம் இதில் வந்துவிடும். முதல் பதிப்பை யாராவது டெவலப்பர் டூல்ஸைத் திறந்து 9,99,999 என்று அனுப்பி உடைப்பார்கள், உடைக்கட்டும். பிரவுசரிலிருந்து வரும் எதையும் சர்வர் நம்பக் கூடாது. ஆட்டம் தொடங்கும்போது சர்வரே ஒரு டோக்கன் (அடையாளச் சீட்டு) கொடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 30 நொடியில் எட்டவே முடியாத ஸ்கோர் வந்தால் தள்ளிவிட வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால், அழுத்திய விசைகளின் பதிவை வாங்கி, சர்வரில் ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

எஞ்சின் தேர்வு

பிரவுசர் 2டிக்கு ஃபேசர், 3டிக்கு த்ரீ ஜேஎஸ். மொபைல் கேம் ஸ்டூடியோ குறி என்றால் யூனிட்டியும் சி ஷார்ப்பும். பெரிய கன்சோல் கேம் குறி என்றால் அன்ரியலும் சி பிளஸ் பிளஸும். கோடோ, எம்ஐடி உரிமத்தில் வரும் ஓப்பன் சோர்ஸ். தனியாகச் செய்பவர்களுக்குத் தோதானது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் அதிலேயே இருங்கள். ஆனால் எஞ்சினோடு கல்யாணம் வேண்டாம். ஒரு காலத்தில் பிரவுசர் கேம்களை ஓட்டிய ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2023 செப்டம்பரில் யூனிட்டி இன்ஸ்டால் கணக்கில் கட்டணம் அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு ஒரு வருடம் கழித்து அதைக் கைவிட்டது. மெனு எங்கே இருக்கிறது என்ற அறிவு எஞ்சினோடு போய்விடும். வெக்டர், மேட்ரிக்ஸ், மெமரி பற்றிய அறிவு போகாது.

எஞ்சின் கேமை வெப்புக்கு ஏற்றுமதி செய்யும்போது மெமரியைக் கவனியுங்கள். டிஸ்கில் 500 கேபி இருக்கும் பிஎன்ஜி படம், 2048-க்கு 2048 அளவு என்றால், கிராஃபிக்ஸ் மெமரியில் 16 எம்பி பிடிக்கும். பிக்சலுக்கு 4 பைட் கணக்கு. அப்படி முப்பது படம் என்றால் 480 எம்பி, மொபைல் பிரவுசர் டேபையே மூடிவிடும். கம்ப்ரஸ் செய்த டெக்ஸ்ச்சர் ஃபார்மட்டை (கிராஃபிக்ஸ் மெமரியிலும் சுருங்கியே இருக்கும் பட வடிவத்தை) பயன்படுத்துங்கள். சர்வரில் ஏற்றியபின் கேம் லோடே ஆகவில்லை என்றால், கம்ப்ரஸ் செய்த கோப்புக்குச் சர்வர் சரியான ஹெடர் (கோப்பு எப்படிச் சுருக்கப்பட்டது என்று சொல்லும் குறிப்பு) அனுப்புகிறதா என்று முதலில் பாருங்கள். கிட் ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப் 100 எம்பியைத் தாண்டும் கோப்பை ஏற்காது என்பதால் பெரிய படங்களுக்கு கிட் எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளைத் தனியாக வைக்கும் கிட் வசதி) தேவைப்படும்.

காட்ட வேண்டியவை மூன்று

லாகினும் டேட்டாபேஸும் கொண்டு, உண்மையான முகவரியில் ஓடும் ஒரு வெப் ஆப். லிங்கைத் தொட்டதும் பிரவுசரில் ஆடக்கூடிய, ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு கேம். மூன்றாவதுதான் உங்களைக் கூட்டத்திலிருந்து பிரிக்கும்: அந்த கேமுக்காக நீங்களே வெப்பில் செய்த லெவல் எடிட்டர். ஸ்டூடியோக்களில் டூல்ஸ் புரோகிராமர் (குழு கேம் செய்யப் பயன்படுத்தும் கருவிகளை எழுதுபவர்) என்றே தனிப் பதவி உண்டு. வெப் தெரிந்தவர் உள்ளே போக அது நல்ல கதவு. பாதியில் நின்ற பத்து ரெப்போக்களை மறைத்துவைத்துவிடுங்கள்.

கேம் ஜாம்களில் (குறுகிய காலக் கெடுவுக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வுகளில்) கலந்துகொள்வது முடிக்கும் பழக்கத்தைத் தரும். லுடம் டேர் 2002 முதல் நடக்கிறது, குளோபல் கேம் ஜாம் 2009 முதல். வெப்காரர்களுக்கு நேர்த்தியாகப் பொருந்துவது ஜேஎஸ்13கே: முழு கேமும் ஜிப் செய்தபின் 13 கேபிக்குள் அடங்க வேண்டும். ஆனால் ஜாமில் செய்ததை அப்படியே போர்ட்ஃபோலியோவில் போடாதீர்கள். இன்னும் இரண்டு வாரம் இழைத்தபின் போடுங்கள்.

இன்டர்வியூவும் வேலையும்

வெப் இன்டர்வியூவில் ஏபிஐ வடிவமைப்பு, முகவரியைத் தட்டினால் பக்கம் வருவதற்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்பது, ஒரு சின்ன லைவ் கோடிங் ஆகியவை எதிர்பார்க்கலாம். கேம் இன்டர்வியூவில் கணக்கு கட்டாயம் வரும். மாதிரிக்கு: எதிரிக்கு 90 டிகிரி பார்வை, ஆடுபவர் அதற்குள் இருக்கிறாரா? எதிரி பார்க்கும் திசையையும் ஆடுபவர் இருக்கும் திசையையும் ஓரலகு வெக்டராக்கி (நீளம் 1 கொண்ட திசைகளாக்கி), டாட் பிராடக்ட் (இங்கே இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கோசைன்) எடுத்து, 0.707-ஐவிடப் பெரிதா என்று பார்க்க வேண்டும். அது 45 டிகிரியின் கோசைன். பார்வையின் பாதிக் கோணம். 90-இன் கோசைனை எடுத்து மாட்டிக்கொள்பவர்களே அதிகம்.

வெப்பில் இருந்து தாண்டுபவர்களுக்கு லைவ் சர்வீஸ் பேக்எண்ட் (வெளியான பின்னும் தொடர்ந்து நடத்தப்படும் ஆன்லைன் கேமின் சர்வர் வேலை), டூல்ஸ், கேமின் யூஐ (மெனு, பட்டன் போன்ற திரைகள்) ஆகிய மூன்றும் கிட்டத்தில் இருக்கும் வாசல்கள். கிராஃபிக்ஸ், எஞ்சின் பக்கம் போக சி பிளஸ் பிளஸில் தனியாக உழைக்க வேண்டும். கேம் துறையில் புராஜெக்ட் பாதியில் ரத்தாவதும், வெளியீட்டுக்கு முன் இரவுபகலாக உழைப்பதும், ஆட்குறைப்பும் அடிக்கடி நடப்பவை. வெப் திறமையைத் துருப்பிடிக்க விடாமல் வைத்திருப்பது அப்போது கைகொடுக்கும்.

வேலை ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள். நீங்கள் வீட்டில் சொந்த நேரத்தில் எழுதும் கேமும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தால், ஏற்கெனவே எழுதிவைத்த கேம்களின் பட்டியலைக் கொடுத்து, அவற்றுக்கு எழுத்தில் விலக்குக் கேளுங்கள். இன்னொன்று ரகசிய ஒப்பந்தம். கேம் வெளிவராமல் நின்றுபோனால் அந்த இரண்டு வருட உழைப்பில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுத் தெளியுங்கள்.