ஐலண்டுக்குள் புகுந்த எஸ்

மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களின் வேர்களைச் சொல்லித் தருகிறேன். போன வாரம் பாம்பனிலிருந்து வரும் பெண் ஒருத்தி, "சார், ஐலண்ட் வந்தது தீவைக் குறிக்கும் லத்தீன் இன்சுலாவிலிருந்து. எழுத்துலயே எஸ் இருக்கே" என்றாள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுத்துக்கூட்டலைச் சாட்சியாக எடுப்பது

இந்தத் தவற்றைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. நான் சொல்லிக்கொடுத்ததை நம்பி ஒரு பையன் வினாடி வினா மேடையில் இதே பதிலைச் சொன்னான். கடைசிச் சுற்றில் தோற்றான். அவனுக்குச் சரியான பதிலைச் சொல்லித் தராதவன் நான்தான்.

ஐலண்ட் ஜெர்மானிய வழிச் சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு எஸ் கிடையாது. ஐல் என்று இன்னொரு சொல் உண்டு. அதுதான் பிரெஞ்சு வழியாக இன்சுலாவிலிருந்து வந்தது. இரண்டுக்கும் பொருள் தீவு என்பதால், ஐலைப் பார்த்து 15, 16ஆம் நூற்றாண்டு வாக்கில் ஐலண்டுக்கும் எஸ்ஸைச் சேர்த்துவிட்டார்கள். எழுத்தில் ஏறிய எஸ் வாய்க்கு வரவேயில்லை.

சரி, பின்னால் செருகிய எழுத்து இருந்தால் லத்தீன் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லின் பி எழுத்தும் பின்னால் வந்ததுதான். ஆனால் அந்தச் சொல் லத்தீன் டெபிட்டுமிலிருந்தே பிரெஞ்சு வழியாக வந்தது. ஆகவே சொல்லின் மிகப் பழைய வடிவத்தையும், அது எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குக் கை மாறியது என்பதையும் அகராதியில் பார்த்த பிறகே வேரைச் சொல்லுங்கள்.

அசல் இன்சுலா வேண்டுமென்றால் இன்சுலினைக் காட்டுங்கள். கணையத்தில் தீவுத் தீவாக இருக்கும் செல்கள் சுரப்பதால் வந்த பெயர் அது.

கேட்டமரான்

படகைக் குறிக்கும் இந்தச் சொல்லை லத்தீனில் தேடாதீர்கள். நம் கட்டுமரம்தான்.

ஒலி ஒத்தால் உறவு என்பது

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் நம் காசிலிருந்து வந்ததல்ல; பெட்டி என்று பொருள்படும் லத்தீன் கேப்சாவிலிருந்து வந்தது. நம் காசு போர்ச்சுகீசியர் வழியாகப் போய், சிறு நாணயத்துக்குப் பெயரான வேறொரு கேஷ் ஆனது. எழுத்து ஒன்று, சொல் இரண்டு.

கதையையும் வேரையும் கலப்பது

வாலிநோக்கம் உப்பளப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு சாலரி என்ற சொல் ரொம்பப் பிடிக்கும். அதன் வேர் உப்பைக் குறிக்கும் லத்தீன் சால் என்பது உண்மை. ரோமானியப் படைவீரருக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்பதற்கு மட்டும் பழைய ஆதாரம் கிடையாது.