வைரஸ் புரதம் டிஎன்ஏவைத் தடவிப் படிக்கும் விதம்: ரப்பர் குழாயில் ஒரு செய்முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷன் படிக்கும் ஐந்தாம் படிவ மாணவி கேட்டாள்: "புரதத்துக்குக் கண்ணா இருக்கிறது, டீச்சர்? டிஎன்ஏவில் ஏ, டி, ஜி, சி என்று வரிசையாக வரும் எழுத்துகளில் தனக்குரியவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" தடவிப் பார்த்துத்தான். உங்கள் சுண்டுவிரலை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம்.

2 சென்டிமீட்டர் தடிமனுள்ள பழைய ரப்பர் குழாய் ஒரு துண்டு, டிஎன்ஏவின் இரு இழைகளுக்குச் சிவப்பும் நீலமுமாக மெல்லிய ராஃபியா கயிறு, ஒரு மார்க்கர் போதும். டிஎன்ஏவின் தடிமன் 2 நானோமீட்டர். ஆக, இது ஒரு கோடி மடங்கு பெரிய டிஎன்ஏ.

முதலில் குழாயில் நேர்க்கோடாக 0, 12, 34, 46, 68, 80 மில்லிமீட்டரில் புள்ளி வையுங்கள். சிவப்பு 0, 34, 68 வழியாகவும், நீலம் 12, 46, 80 வழியாகவும் சுற்றிச் செல்லட்டும். புள்ளிக்குப் புள்ளி ஒரு முழுச் சுற்று.

திசையில்தான் கவனம் வேண்டும். பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வடியப் போடும் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். டிஎன்ஏ நேர்மாறு: குழாயை நிறுத்திப் பிடித்தால், முன்னால் தெரியும் கயிறு வலப்பக்கமாக ஏற வேண்டும். என் அப்பா பால் வெட்டியவர். பழக்கதோஷம், முதல்முறை மரத்து வெட்டைப் போலவே சுற்றிவிட்டு எல்லாவற்றையும் அவிழ்த்தேன்.

இப்போது கயிறுகளுக்கிடையே சுண்டுவிரலை வையுங்கள். அகலப் பள்ளத்தில் படிந்து உட்காரும். குறுகியதில் கயிறு தட்டும். புரதத்தில் சுருண்டிருக்கும் பகுதியான ஆல்ஃபா சுருளும் இந்த அளவில் ஏறக்குறைய அந்த விரல் பருமன்தான். இரு இழைகளின் எழுத்துகளும் ஜோடி ஜோடியாக இணைந்திருக்கும். அகலப் பள்ளத்தில் ஏ-டி, டி-ஏ, ஜி-சி, சி-ஜி ஜோடிகள் நான்கும் வெவ்வேறு விளிம்பு காட்டுகின்றன. குறுகிய பள்ளத்திலோ ஏ-டியையும் டி-ஏவையும் பிரித்தறிவது கடினம். சுருளிலிருந்து நீளும் அமினோ அமிலங்கள் அந்த விளிம்புகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுகின்றன. கயிறுகளின் இடத்தில் இருப்பது எதிர்மின் சுமையுள்ள பாஸ்பேட். நேர்மின் சுமையுள்ள லைசின், ஆர்ஜினின் அவற்றைப் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடிக்கு எழுத்து எதுவானாலும் ஒன்றுதான்.

அடுத்து, மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் ஈ2 என்ற புரதம். இது இரட்டையாகச் சேர்ந்து பீப்பாய் வடிவெடுக்கும். உள்ளங்கை மேல்நோக்க இரு முஷ்டிகளையும் ஒட்டவைத்து, சுண்டுவிரல்களை மட்டும் நீட்டி, அடுத்தடுத்த அகலப் பள்ளங்களில் வையுங்கள். ஒரு விரல் ஏசிசிஜியைப் படிக்கிறது, மற்றது சிஜிஜிடியை. நடுவிலுள்ள நான்கு எழுத்துகளை எந்த விரலும் தொடுவதில்லை. ஆனாலும் அவற்றுக்கு வேலை உண்டு, டிஎன்ஏ எவ்வளவு எளிதாக வளையும் என்பது அவற்றைப் பொறுத்தது: பக்கத்தில் இருப்பவரிடம் குழாயின் இரு முனைகளையும் விரல் பட்ட பக்கமாக வளைக்கச் சொல்லுங்கள். 1992இல் வெளியான மாட்டு பாப்பிலோமா ஈ2வின் படிக அமைப்பில் (படிகமாக்கி எக்ஸ்-கதிரால் கண்ட வடிவத்தில்) டிஎன்ஏ இப்படித்தான் பீப்பாயைத் தழுவி வளைந்திருந்தது. மனிதரைத் தாக்கும் 16ஆம் வகை பாப்பிலோமா வைரஸின் ஈ2, நடுவில் ஏஏடிடி இருந்தால் இன்னும் இறுகப் பிடிக்கும்.

குழாய் வளையாமல் முரண்டு பிடித்தால் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு எடுங்கள்.