மாதம் தெரியாமல் டிக்கெட் போடாதீர்கள்: பெரிய பிள்ளைகளோடு வெளிநாட்டில் மலையும் ஆறும் தேடுகிறவர்களுக்கு

போன வாரம் தெரிந்த குடும்பம் ஒன்று, பெருவுக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்ட சந்தோஷத்தில் என்னை அழைத்துப் பேசியது. பையனுக்கு 17, பெண்ணுக்கு 14. இன்கா பாதையில் நான்கு நாள் நடந்துபோய், சூரிய வாசலில் நின்று, இன்கா மக்களின் பழைய மலை நகரமான மச்சு பிச்சுவைப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் பல வருட ஆசை. எந்த மாதம் என்று கேட்டேன். பிப்ரவரி என்றார்கள். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. பராமரிப்பு வேலைக்காக ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி முழுக்க அந்தப் பாதையை மூடிவிடுவார்கள். மச்சு பிச்சு திறந்துதான் இருக்கும், ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் அந்தப் பெண் ஆசைப்பட்டது ரயிலுக்கு இல்லை.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். இப்போது யார் செய்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பாஸ்போர்ட் காலாவதித் தேதி, புது பூட்ஸைப் பழக்காமல் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழே வரும் தலைப்பு ஒவ்வொன்றும், இப்படிப் பயணம் போகிறவர்கள் செய்யும் ஒரு தவறு.

இடத்தை முதலில் பிடித்துவிட்டு, மாதத்தை அப்புறம் பார்ப்பது

எங்கள் மகனுக்கு அப்போது 16, மகளுக்கு 13. ஐஸ்லாந்தின் லோய்காவேகூர் பாதையின் படம் ஒன்றை மகன் தன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். லாண்ட்மன்னாலாகரில் தொடங்கி தோர்ஸ்மோர்க் வரை சுமார் 55 கிலோமீட்டர். மஞ்சளும் சிவப்பும் பச்சையும் குழைத்துப் பூசியது போன்ற மலைகள், ஆவி கக்கும் நிலம், கால் மரத்துப்போகிற அளவுக்குக் குளிர்ந்த ஆறுகள், ஒவ்வொரு நாள் நடையின் முடிவிலும் ஒரு மலைக்குடில். நான்கு மாதம் இரண்டு பேரும் பை நிறையத் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிச் சுமந்து நடந்து பழகினார்கள்.

எங்கள் நாலு பேருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்தது மே கடைசியில். குளிர்காலம் முடிந்துவிடும், நள்ளிரவு வரை வெளிச்சம் இருக்கும் என்று நானே கணக்குப் போட்டு, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை எடுத்தேன். அந்தத் தேதிகளுக்கு மலைக்குடில்களில் இடமே காட்டவில்லை. நிரம்பிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, கூடாரம் எடுத்துக்கொண்டேன். அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். குடில்கள் நிரம்பவில்லை, திறக்கவே இல்லை.

விமான நிலையத்தில் வாடகைக் காரின் சாவியைக் கொடுத்தவர், எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் வரைபடத்தை விரித்து, தீவின் நடுப்பகுதி முழுவதையும் விரலால் ஒரு வட்டம் போட்டு, இங்கே எதுவும் இன்னும் திறக்கவில்லை என்றார். உள்நாட்டு மலைப்பகுதிக்குப் போகும் சாலைகளின் எண்ணுக்கு முன்னால் ‘எஃப்’ என்ற எழுத்து இருக்கும். பனி உருகி, மண் இறுகிய பிறகுதான் அவற்றை ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். பெரும்பாலும் ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை வரை இது நடக்கும். திறந்த பிறகும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைத்தான் அதில் ஓட்டலாம். நான் எடுத்திருந்தது சாதாரணச் சின்னக் கார்.

எட்டு நாள். தீவைச் சுற்றிப் போகும் ஒன்றாம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் காரிலேயே சுற்றினோம். 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்கோகாஃபோஸ் அருவியின் முன்னால் இறங்கி நின்றோம், நனைந்தோம், திரும்பக் காரில் ஏறினோம். அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடக்க வந்த பிள்ளைகள் ஜன்னல் வழியாக ஒரு நாட்டைப் பார்த்தார்கள். மகனின் பூட்ஸ் டிக்கியிலேயே கிடந்தது. நான்காம் நாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடும்மா, பரவாயில்ல” என்றான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

போன பணத்தை இரண்டு வருடத்தில் சரிக்கட்டிவிட்டோம். ஆனால் அடுத்த வருடம் அவனுக்குத் தேர்வு, அதற்கடுத்த வருடம் படிக்க வேறு ஊருக்குப் போய்விட்டான். பெரிய பிள்ளைகளோடு போகிற பயணங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 13 வயதுப் பிள்ளை இன்னும் ஐந்து விடுமுறைக்கு உங்களோடு வந்தாலே பெரிய விஷயம். சின்னக் குழந்தை என்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியும். இந்த வயதில் அப்படிச் சொல்ல முடியாது. நான் தொலைத்தது அந்த எண்ணிக்கையில் ஒன்றை.

இத்தனைக்கும் எல்லாம் கண்ணெதிரே கிடந்தது. எந்த மலைச்சாலை எந்தத் தேதியில் திறந்தது என்று முந்தைய வருடங்களின் பட்டியலையே ஐஸ்லாந்தின் சாலைத்துறை வெளியிடுகிறது. பத்து நிமிட வேலை. அதை நான் செய்யவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வரிசை மாறிவிட்டது. நம்மால் மாற்ற முடியாதது விடுமுறைத் தேதி. அதைத் தாளின் மேலே எழுதுவோம். அதற்குக் கீழே பிள்ளைகள் என்ன செய்ய ஆசைப்படுகிறார்கள் என்று எழுதுவோம். இடத்தின் பெயர் மூன்றாவதாகத்தான் வரும். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அந்தத் தேதியில் சாலை திறந்திருக்கிறதா, தங்கும் குடில் திறந்திருக்கிறதா, ஆற்றில் தண்ணீர் எப்படி, வெளிச்சம் எத்தனை மணி நேரம் என்று பார்ப்போம். “வருடம் முழுவதும் போகலாம்” என்ற வரியை எங்கே பார்த்தாலும் நம்புவதில்லை. ஒரு நாட்டுக்குள் வருடம் முழுவதும் நுழையலாம். ஆனால் ஒரு மலைப்பாதையில் அப்படி நடக்க முடியாது.

உதாரணத்துக்கு ஜூன் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ப்ஸ் மலையின் உயரமான குடில்கள் பல ஜூன் நடுவுக்குப் பிறகுதான் திறக்கும், கணவாய்களில் பனி கிடக்கும். நேபாளத்தில் மழைக்காலம் தொடங்கும். நியூசிலாந்தில் அப்போது குளிர்காலம். அங்குள்ள மில்ஃபோர்டு பாதையில் பனிச்சரிவு ஆபத்து இருப்பதால் சில பாலங்களையே கழற்றி வைத்துவிடுவார்கள். அதே ஜூன் தெற்கு ஆப்பிரிக்கப் பகுதிக்கு வறண்ட காலம். விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும், நமீபியாவின் எடோஷாவில் நீர்நிலை ஒன்றின் ஓரமாகக் காத்திருந்தாலே நிறையப் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்ட் என்றால் கிர்கிஸ்தானில் சுமார் 3,000 மீட்டர் உயரத்திலுள்ள சோங்-குல் ஏரிக்கரையில் மேய்ப்பர்களின் யூர்ட் கூடாரங்களில் தங்கிக் குதிரையில் போகலாம். குளிர்காலத்தில் அந்தக் கரையே காலியாக இருக்கும்.

மழைக்காலம் என்றதும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். கோஸ்டா ரிகாவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை உலர்காலம், எல்லோரும் அப்போதே போகச் சொல்வார்கள். ஆனால் டோர்ட்டுகேரோ கடற்கரையில் பச்சை ஆமைகள் முட்டையிட ஏறுவது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. ஆமைதான் உங்கள் மகளின் ஆசை என்றால் உலர்காலத்தில் போய் என்ன பயன்?

“பெரிய பிள்ளைதானே, எல்லாத்துக்கும் விடுவாங்க”

விட மாட்டார்கள். 12க்கும் 15க்கும் நடுவில் இருக்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கக் காட்டுக்குள் போகக் குறைந்தபட்ச வயது 15. ருவாண்டாவில் வெளிநாட்டவருக்கு அனுமதிக் கட்டணம் ஒரு ஆளுக்கு 1,500 அமெரிக்க டாலர். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இளையவனுக்கு 15 நிறைய நான்கு மாதம் பாக்கி. நாலு பேருக்கும் பணம் கட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்பாவும் அக்காவும் போனார்கள், அம்மா அவனோடு விடுதியிலேயே இருந்துவிட்டார். நான்கு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் நால்வரும் சேர்ந்தே போயிருக்கலாம்.

கடலுக்கடியில் நீந்தும் பயிற்சிக்கும் இப்படித்தான். ‘பேடி’ (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி 10 வயதில் ஜூனியர் சான்றிதழ் பெறலாம். ஆனால் 10, 11 வயதில் 12 மீட்டர் ஆழம்தான், 12 முதல் 14 வரை 18 மீட்டர். நீங்கள் பார்க்க ஆசைப்படும் பவளப்பாறை 25 மீட்டரில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். ராஃப்டிங், அதாவது வேகமான ஆற்றில் ரப்பர் படகுப் பயணம் நடத்துகிறவர்கள் ஆற்றின் வேகத்தை வைத்து வயதையும் எடையையும் தீர்மானிக்கிறார்கள். அன்றைக்குத் தண்ணீர் கூடுதலாக ஓடினால் அந்த வரம்பும் ஏறிவிடும். பணம் கட்டுவதற்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளின் பிறந்த தேதியையும் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். தோராயமான வயதைச் சொல்லாதீர்கள்.

உடம்பு வலுவாக இருக்கிறது என்று உயரத்துக்குப் பயப்படாமல் இருப்பது

கால்பந்து ஆடுகிற பையன், நீச்சலில் பரிசு வாங்கிய பெண், இவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறார்கள். உயர நோய்க்கு உடல் வலு தடுப்பு இல்லை. பிள்ளைகளுக்கும் பெரியவர்களைப் போலவே வரும். 2,500 மீட்டரைத் தாண்டினாலே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கலாம். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

பதின்ம வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தன்னால் எல்லோரும் திரும்ப வேண்டியிருக்குமே என்று தலைவலியை மறைத்துவிடுவார்கள். என் மகள் மறைத்திருக்கிறாள், இரவு வாந்தி எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் தலைவலி என்று சொல்கிறவருக்காக ஒரு நாள் நிற்கும்படி திட்டத்திலேயே இடம் வைத்திருக்கும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். பெருவின் குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டரில் இருக்கிறது. விமானத்தில் நேரே அங்கே இறங்குகிறவர்கள் முதல் இரவைக் கீழே, சுமார் 2,800 மீட்டரிலுள்ள ஒயாண்டைதாம்போவில் கழிக்கலாம். நேபாளத்தில் முதல் மலையேற்றத்துக்கு 5,364 மீட்டரிலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாம்தான் வேண்டும் என்று இல்லை. 3,210 மீட்டர் பூன் ஹில்லிலிருந்து அன்னபூர்ணாவும் தௌலாகிரியும் விடியும் அழகு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

பிள்ளைகளிடம் கடைசியில் கேட்பது

“இங்கே போகப் போகிறோம், சந்தோஷமா?” என்று கேட்பது கேள்வியே இல்லை. எட்டு வயதில் துள்ளிக் குதிப்பார்கள். பதினைந்து வயதில் தோளைக் குலுக்கிவிட்டு, பயணம் முழுவதும் பின்னால் பத்தடி தள்ளி நடப்பார்கள்.

ஐஸ்லாந்துக்கு அடுத்த பயணத்துக்கு மாதம் ஜூலை என்று மட்டும் சொல்லி, ஆளுக்கு ஒரு ஆசையை எழுதச் சொன்னோம். மகள் ஆற்றில் கயாக் ஓட்ட வேண்டும் என்று எழுதினாள். மகன் குடிலில் தங்கி மலையேற வேண்டும் என்றான். கணவர் தினமும் இடம் மாறக் கூடாது என்றார். நான் கார் ஓட்டும் நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மணிக்கு மேல் கூடாது என்று எழுதினேன். இந்த நான்கையும் ஒன்றாக வைத்துத் தேடியபோது, எங்கள் பட்டியலிலேயே இல்லாத ஸ்லோவேனியா வந்தது. பச்சை மரகத நிறத்தில் ஓடும் சோச்சா ஆற்றின் கரையில் போவெட்ஸ் என்ற சின்ன ஊர், அங்கேயே கயாக் பயிற்சி. பிறகு 50 கொண்டை ஊசி வளைவுகளோடு 1,611 மீட்டர் வரை ஏறும் வ்ர்ஷிச் கணவாய். கடைசியில் போஹின் ஏரி, அங்கிருந்து ஏழு ஏரிகள் பள்ளத்தாக்குக்கு நடை. அந்த மலையில் கோடைப் பிற்பகல்களில் இடி மின்னல் வரும் என்பதால் அதிகாலையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. எழுப்பாமலே எழுந்து நின்றவன், மூன்று வருடத்துக்கு முன்னால் காரின் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அதே மகன். கல்லூரி விடுமுறையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருந்தான்.

அனுமதிச் சீட்டை விமான டிக்கெட்டுக்குப் பிறகு பார்ப்பது

பேர்போன பாதைகளில் தலைக்கணக்கு உண்டு. இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேர்தான், அதில் பாதிக்கு மேல் சுமைதூக்குபவர்களும் வழிகாட்டிகளும். 53.5 கிலோமீட்டர் மில்ஃபோர்டு பாதையில் தனியாக நடப்பவர்களுக்குப் பருவகாலத்தில் ஒரு நாளைக்கு 40 இடம், முன்பதிவு திறந்த உடனே கரைந்துவிடும். சிலியின் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவில் ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடம் பதிவு செய்யாமல் பல நாள் நடைக்குள் போக முடியாது. நால்வருக்கும் ஒரே நாளில் இடம் கிடைத்த பிறகு விமானத்தைப் பாருங்கள்.

ஒரே பயணத்தில் மூன்று நாடு

வேண்டாம்.

காப்பீட்டில் உயர வரம்பைப் படிக்காமல் விடுவது

எத்தனை மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, ராஃப்டிங்கும் டைவிங்கும் அடங்குமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

கடைசி நாளில் டைவிங்

பல முறை டைவிங் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கடல் முதலில், மலையும் காடும் பிறகு என்று வரிசைப்படுத்துங்கள். மலையும் உயரமாக இருந்தால் இதே இடைவெளியை அதற்கும் விடுங்கள்.