வாங்கிய பல்லிக்கு நோய் வந்தால்: இரு தரப்பும் செய்யும் தவறுகள்

வாங்கி வந்த பல்லியோ பாம்போ சில நாளில் சோர்ந்து சுருண்டுவிட்டால், "நோயோடு விற்றுவிட்டார்" என்கிறார் வாங்கியவர். "வளர்க்கத் தெரியவில்லை" என்கிறார் விற்றவர். பல நேரங்களில் இருவருமே பொய் சொல்லவில்லை. ஊர்வன நோயை முடிந்தவரை மறைக்கும். லெப்பர்ட் கெக்கோ என்னும் வளர்ப்புப் பல்லியைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணி வெகுநாள் அறிகுறியே காட்டாமல் இருந்துவிட்டு, பயணமும் புதுக் கூண்டும் தரும் அழுத்தத்தில் தலைதூக்கும். கொழுப்பு திரண்டு பருத்திருந்த வால் குச்சியாக மெலிந்த பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். ஆகவே யார் யோக்கியர் என்று வாதிட்டுப் பயனில்லை. நோய் எப்போது தொடங்கியது என்று தெரிய வேண்டும். அதற்கான தடயங்களை முதல் வாரத்திலேயே சேர்த்தாக வேண்டும்.

அந்த வாரத்தை வீணாக்கும் பெரிய தவறு, எடை பார்க்காமல் விடுவது. கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். வந்த அன்றே எடை போட்டு, எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். வால், தாடை, கண், கழிவுத்துளை ஆகியவற்றையும் அருகில் வைத்துப் படமெடுத்து, அன்றே விற்றவருக்கும் அனுப்பிவிடுங்கள். "மெலிந்தது போலத் தெரிகிறது" என்றால் யாரும் மறுத்துவிடலாம். 60 கிராம் கெக்கோ பத்து நாளில் 50 கிராமானதை மறுப்பது கடினம்.

உணவைத் தொடாவிட்டால் உடனே நோய் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இடம் மாறிய ஊர்வன சில நாள் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். நன்கு வளர்ந்த பால் பைத்தான் (ball python) என்னும் மலைப்பாம்பு வாரக்கணக்கில் பட்டினி கிடந்தும் நலமாக இருக்கும். முதலில் கூண்டின் வெப்பத்தை அளந்து பாருங்கள். பியர்டட் டிராகன் என்னும் ஓணான் வகை வெயில் காயும் இடத்தில் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வேண்டும். 30 டிகிரியில் வைத்துவிட்டு விற்றவரைத் திட்டுவது அநியாயம்.

விற்பவர்களும் "உங்கள் வளர்ப்பில்தான் கோளாறு" என்பதை எல்லா நோய்க்கும் பதிலாக வைத்திருக்கக் கூடாது. கால்சியமும் புற ஊதா ஒளியும் போதாமல் வரும் எலும்பு நோய் ஓரிரு நாளில் வருவதில்லை. வந்த மூன்றாம் நாளே தாடை ரப்பர்போல வளைகிறதென்றால் குறை பழைய இடத்தில்தான். ஆறு மாதம் கழித்து வளைந்தால் புதிய கூண்டின் விளக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது கைவைத்தியம். யாரோ சொன்ன பூச்சி மருந்தைக் கொடுத்துவிட்டால், அதன்பின் எடுக்கும் மல மாதிரியில் மருத்துவர் எதைக் கண்டுபிடிப்பார்? தடயம் அழிவதோடு உயிரும் போகலாம். ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து ஆமைகளுக்கு விஷம். ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் மருந்துக்கு முன்பே மலப் பரிசோதனை செய்து, அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். ஒருமுறை "ஒட்டுண்ணி இல்லை" என்று வந்தால் அதோடு விற்றவர் வாதத்தை முடித்துக்கொள்ளவும் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் எல்லா நாளும் மலத்தில் வெளிப்படாது, மறுபரிசோதனை வேண்டும்.

பழைய விலங்குகளோடு சேர்த்துவிட்டால் வழக்கே குழம்பிவிடும்: எது எதற்குத் தொற்றியது என்று எவராலும் சொல்ல முடியாது. குறைந்தது 60 நாள், முடிந்தால் 90 நாள் தனி அறையில் வையுங்கள்.

இறந்துவிட்டால் துக்கத்தில் உடனே புதைத்துவிடுகிறார்கள், அல்லது உறைபெட்டியில் போடுகிறார்கள். உறைந்தால் திசுக்கள் சிதைந்து, நுண்ணோக்கியில் காரணம் தேடுவது கடினமாகிவிடும். உடலைப் பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணப் பகுதியில் வைத்து, விரைவில் உடற்கூறாய்வுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பணத்தைப் பற்றி, விலங்கை வாங்கும் முன்பே பேசுங்கள். "உயிரோடு வந்து சேரும்" என்ற உறுதிமொழி போக்குவரத்துக்கு மட்டுமே. உடல்நலத்துக்கு எத்தனை நாள் பொறுப்பு, சிகிச்சைச் செலவு விலையைத் தாண்டினால் யார் ஏற்பது என்பதைத் தனியே எழுதி வாங்க வேண்டும். எழுதாத இடத்தில்தான் நட்பு முறிகிறது.

மாற்று விலங்கு தருகிறேன் என்றால் காரணம் தெரியும்வரை ஏற்காதீர்கள். அதே கூட்டத்திலிருந்து வருவதற்கும் அதே நோய் இருக்கலாம். கிரிப்டோஸ்போரிடியத்தின் முட்டைகளை வழக்கமான பிளீச்சிங் கரைசல் கொல்லாது என்பதால், பழைய கூண்டின் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் புதிதாக வருவதற்குக் கொடுக்கவே கூடாது.