பாடம் மறக்காமல் இருக்க: வகுப்பின் முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு செய்முறை

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது சார்" என்று ராகம் போடும். அடுத்த வாரம் அதே பாடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள், எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். உடனே நாம் திரும்ப நடத்துவோம், அல்லது "பத்து தடவை படிச்சுட்டு வா" என்போம். இரண்டுக்கும் பலன் குறைவு.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். சிலர் ஒரு கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள் எழுதிப் பார்த்தவர்கள். இதை வகுப்பில் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: முந்தின இரவே மூன்று கேள்விகள் எழுதிக்கொள்ளுங்கள்.
உழைப்பு முழுக்க இங்கேதான். ஒளிச்சேர்க்கைப் பாடம் என்று வைத்துக்கொள்வோம். "ஒளிச்சேர்க்கைக்குப் பச்சையம் தேவையா?" என்று கேட்டால் தூங்குகிற பையன்கூட "ஆமா" என்பான். "அயோடின் விடுவதற்கு முன் இலையை ஏன் ஆல்கஹாலில் கொதிக்கவைக்கிறோம்?" என்று கேளுங்கள். பச்சை நிறம் நீங்கினால்தான் அயோடின் பட்டதும் இலையிலுள்ள ஸ்டார்ச் காட்டும் கருநீலம் தெளிவாகத் தெரியும் என்பதை அவன் தேடி எடுத்தாக வேண்டும். "ஆல்கஹாலை ஏன் நேரடியாகத் தீயில் வைக்காமல் வெந்நீரில் வைக்கிறோம்?" என்பதும் நல்ல கேள்வி. எளிதில் தீப்பற்றும் என்பது ஆய்வகத்திலும் உதவும்.

படி 2: புத்தகத்தை மூடச் சொல்லி, ரஃப் நோட்டில் எழுத வையுங்கள்.
ஐந்து நிமிடம் போதும். வாய்மொழியாகக் கேட்காதீர்கள், முதல் பெஞ்சில் இரண்டு பேர் பதில் சொல்லிவிடுவார்கள், மற்றவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். தெரியாதவர்களும் எதையாவது எழுதட்டும்.

படி 3: உடனே விடையைப் போர்டில் எழுதுங்கள்.
இதை நாளைக்குத் தள்ளினால் தப்பான விடையே மனதில் தங்கிவிடலாம். பிள்ளைகளே வேறு நிறப் பேனாவால் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் மார்க் போடாதீர்கள். மார்க் என்றதும் கண் பக்கத்து நோட்டுக்குப் போய்விடும்.

படி 4: பழைய பாடத்தையும் கலந்து கேளுங்கள்.
நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்த ஜெர்மானியர் எபிங்ஹாஸ், மறதி முதல் நாளிலேயே வேகமாக வருகிறது என்று 1885இல் எழுதினார். அதனால் முதல் கேள்வி மறுநாளே வரட்டும், பிறகு இடைவெளியைக் கூட்டுங்கள். கேட்ட தேதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் நமக்கே மறந்துவிடும்.

கணக்கு ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று: உருளை, கூம்பு, கோளம் மூன்றின் கணக்குகளையும் கலந்து கொடுங்கள். ஒரே பயிற்சியில் இருபது உருளைக் கணக்கு போடுகிறவன் எந்தச் சூத்திரம் என்று யோசிப்பதே இல்லை.

தொடக்கத்தில் பாதி நோட்டுகள் காலியாகவே இருக்கும். தலைமை ஆசிரியர் "போர்ஷன் முடியுமா?" என்பார். விட்டுவிடாதீர்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் தவறவிட்ட கேள்வி எதுவோ, அந்தப் பகுதியை மட்டும் திரும்ப நடத்துங்கள்; அதே கேள்வியை நாளைய மூன்றில் ஒன்றாக வையுங்கள்.