‘யாராலும் காப்பி எடுக்க முடியாது’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள்

கீழக்கரையில் திருமண வீடியோவுக்குப் பேசப் போனால், “தம்பி, பெண்கள் பகுதி வெளியே போய்விடக் கூடாது, யாரும் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டிக் கொடுங்கள்” என்று கேட்காத வீடு அரிது. துபாயிலும் மலேசியாவிலும் இருக்கும் சொந்தங்கள் அதைப் பார்க்க வேண்டும். அவர்களைத் தாண்டி வேறொருவர் கைக்கும் அது போகக் கூடாது. நியாயமான விருப்பம்தான். ராமநாதபுரத்தில் தொழில் தொடங்கிய புதிதில் நானும் “கவலையே வேண்டாம், யாராலும் எடுக்க முடியாது” என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நம் தொழிலில் வாடிக்கையாளருக்குச் செய்யும் முதல் தவறு அதுதான்.

பூட்டிய வீடியோ திரையில் ஓட வேண்டுமானால், பூட்டைத் திறக்கும் சாவியும் பார்ப்பவரின் கருவிக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சாவியை எவ்வளவு ஆழத்தில் ஒளித்து வைத்தாலும் அது அவர் கையில் உள்ள பொருளுக்குள்தான் இருக்கிறது. டிவிடி வட்டுகளோடு 1996இல் வந்த சி.எஸ்.எஸ். பூட்டு 1999இலேயே உடைந்துபோனது. டிவிக்குப் போகும் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் படத்தைப் பூட்டி அனுப்பும் ஹெச்.டி.சி.பி. முறையின் தலைமைச் சாவி 2010இல் வெளியே வந்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் கூடிச் செய்த பூட்டுகளின் நிலை இது. எந்தப் பூட்டும் உடையாமல் நின்றாலும்கூட, ஓடும் திரைக்கு எதிரே இன்னொரு போனை நீட்டிப் படம் பிடிப்பவரை அது தடுக்காது. இந்தக் கடைசி விஷயத்தை வாடிக்கையாளரிடம் அவருடைய போனிலேயே செய்து காட்டிவிடுங்கள். பத்து நிமிட விளக்கத்தை விட அது தெளிவாகப் புரியும்.

அடுத்து, ஒரே ஒரு போனில் சோதித்துவிட்டு நிம்மதி அடைவது. ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்தால் கறுப்பாக வருகிறது என்று காட்டி மகிழ்கிறோம். ஆண்ட்ராய்டு போன்களில் பரவலாக இருக்கும் வைட்வைன் என்ற டி.ஆர்.எம். முறையில், அதாவது வீடியோவைக் காப்பி எடுக்க விடாமல் பூட்டும் முறையில், எல்1, எல்2, எல்3 என்று மூன்று நிலைகள் உண்டு. எல்1இல் பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நடக்கின்றன. எல்3இல் எல்லாமே மென்பொருளை நம்பியிருக்கின்றன. எல்1 உள்ள போனில் கறுப்பாக வந்த அதே வீடியோ, எல்3இல் ஓடும் ஒரு கணினி பிரவுசரில் முழுதாகப் பதிவாகிவிடலாம்.

யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ என்று ஏற்றிவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொல்வது இன்னொரு தவறு. லிங்க் கிடைத்த யாரும் அதைப் பார்க்கலாம், பிறருக்கும் அனுப்பலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட லிங்க் எத்தனை குழுக்களுக்குப் போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பென் டிரைவுக்குப் போடும் பாஸ்வேர்டும் இப்படித்தான். ஒருவருக்குச் சொன்னால் வீட்டுக்கே தெரிந்துவிடும்.

பூட்டினால் நேர்மையானவருக்கு வரும் சிரமத்தையும் மறைக்கக் கூடாது. மண்டபம், பாம்பன் பக்கம் பாசி வளர்க்கும் பெண்களுக்கான பயிற்சி வீடியோவை, சிக்னல் சரியாகக் கிடைக்காத கரையில் நின்றுதான் பார்ப்பார்கள். இணையம் வழியாகச் சாவி வாங்கித் திறக்கும் வீடியோ அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பயிற்சி பலர் கைக்குப் பரவினால் நன்மையே தவிர நட்டம் ஒன்றுமில்லை. அதற்குப் பூட்டு வேண்டாம் என்று சொல்லி, வரக்கூடிய வருமானத்தை விட்டுவிடுவதே முறை. திருமண வீடியோவிலும், பூட்டுச் சேவை தரும் நிறுவனம் மூடப்பட்டால் சொந்த வீட்டாரே பார்க்க முடியாமல் போகலாம் என்பதை முன்பே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பிரதியிலும் பெறுபவரின் பெயரை வாட்டர்மார்க்காகப் பதிப்பது நல்ல வழி. அது காப்பி எடுப்பதைத் தடுக்காது; யாருக்குக் கொடுத்த பிரதி வெளியே போனது என்பதைக் காட்டும். யாருக்கு எந்தப் பிரதி என்று எழுதி வைக்காவிட்டால் அந்தப் பயனும் இல்லை. பதிப்புரிமையைக் காக்கப் போட்ட பூட்டை, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் பரவிய படத்தைச் சட்டம் திரும்ப அள்ளித் தராது.

இவை எல்லாவற்றையும் விட நாம் அடிக்கடி மறப்பது, நம் பக்கத்திலிருந்தே படம் கசியலாம் என்பதை. எடிட்டிங் செய்பவரின் லேப்டாப், ஆல்பம் அச்சிடும் கடைக்கு அனுப்பும் கோப்பு, ஸ்டூடியோவின் பழைய ஹார்டு டிஸ்க், மாதிரி காட்ட என்று போனில் வைத்திருக்கும் துண்டு ஆகியவற்றைப் பற்றி வாடிக்கையாளர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இப்போது நான் கீழக்கரை வீடுகளில் பேசும்போது, பெண்கள் பகுதியைப் பெண் ஒளிப்பதிவாளரைக் கொண்டு தனி மெமரி கார்டில் எடுப்பது, அதை இணையத்தில் ஏற்றாமல் மணப்பெண்ணின் தாயார் கையில் ஒரே பிரதியாகக் கொடுப்பது, எந்தத் தேதிக்குள் எங்களிடம் உள்ளதை அழிப்போம் என்பது ஆகிய மூன்றையும் அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறேன்.